துவக்குக்கு நோய் விசாரிக்கப் போன புதன்கிழமைகள்

எலுவன்குளம்,
ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்று.

கொழும்பிலே கறுப்புக் கோட்டுப் போட்டு நீதிபதிகளை நடுங்க வைக்கும் என் அன்பு மருமகள், சட்டத்தரணி ஷிஹாராவுக்கு, உன் உம்மாவின் கூடப் பிறந்த ஒரே நானாவும், மூன்று ஏக்கர் கச்சான் கடலைத் தோட்டத்தின் முடிசூடா மன்னனும், தற்சமயம் நிராயுதபாணியுமாகிய உன் மாமா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் மாமி உம்மு குல்சூமும் சுகம். பன்றிகளும் சுகம். எங்கள் இரண்டு பேரையும் விடப் பன்றிகள்தான் கூடச் சுகம். அங்கே உன் சுகத்தைப் பற்றி நீ எழுதாவிட்டாலும் துஆவில் உன்னை விடுவதில்லை. எழுத்து ஏன் இந்தப் பருமன் என்று நீ யோசிப்பாய், ஒரு தாளுக்கு எட்டு வரிதான் பிடிக்கிறது. பெரிய மனிதர்களின் எழுத்து பெரிதாகத்தான் இருக்கும் மகள். அந்தக் காலத்து ராசாக்கள் கல்லில் வெட்டி வைத்ததை நீ பார்த்ததில்லையா.

போன கிழமை ஃபோனில் நீ என்ன சொன்னாய்? "மாமா, துவக்கு லைசன்ஸ் ஏழு மாசமா இழுபடுது எண்டு சும்மா புலம்ப வேணாம். நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதி அனுப்புங்க, நான் மேலிடத்துக்கு முறைப்பாடு போடுறேன்" என்றாய். எழுதுகிறேன். ஆனால் இதை நீயும் நம்பமாட்டாய், மேலிடமும் நம்பாது, கடிதம் கொண்டு வரும் தபால்காரரும் நம்பமாட்டார் என்று இப்போதே மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு உறுதி தருகிறேன். சத்தியம் மட்டும் செய்யமாட்டேன். சத்தியம் செய்தால் பிறகு உண்மை எழுத வேண்டி வரும்.

கேள். என் துவக்கு ஒற்றைக் குழல் துவக்கு. அதை நான் எலுவன்குளத்தில் நின்று ஒரு தரம் வெடிக்க வைத்தால், நுரைச்சோலை மின்நிலையத்துப் புகைக்குழாய் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், வில்பத்துக் காட்டில் யானைகள் ஒன்றையொன்று பார்த்து "நானா எழும்பிட்டார்" என்று சொல்லிக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட துவக்கின் லைசன்ஸ் போன டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிந்தது. முடிந்தால் துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டுத்தான் புதுப்பிக்கக் கேட்க வேண்டும். சட்டத்தை மதிப்பதில் என்னைப் போல ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். மூன்று நாளுக்கு முன்னாடியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எந்தப் பொலிஸ் என்று எழுதமாட்டேன், கடிதம் வழியில் யார் கையில் அகப்படுமோ. சார்ஜன் மாத்தயா, நல்ல மனிதர், சிங்களவரானாலும் நம்மளை மாதிரியே தமிழ் கதைப்பார், ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் காலில் கட்டுகிற மாதிரி விசையில் ஒரு துண்டைக் கட்டி, பெயர் எழுதி, உள் அறையில் சாத்தி வைத்தார். "ரெண்டு கிழமையில சரி நானா" என்றார். அந்த இரண்டு கிழமைதான் இப்போது ஏழு மாதமாக வளர்ந்து, பல் முளைத்து, நடக்கத் தொடங்கியிருக்கிறது.

அன்றிலிருந்து புதன்கிழமை தோறும் போகிறேன். நோயாளியைப் பார்க்கிற மாதிரித்தான். ஒரு சின்னப் போத்தலில் தேங்காய் எண்ணெய், ஒரு பழைய சாரத் துண்டு. உள்ளே ஓராளைத்தான் விடுவார்கள். துவக்கைத் துடைப்பேன், எண்ணெய் பூசுவேன், "பயப்படாத, இந்தக் கிழமை வீட்டுக்குப் போவோம்" என்பேன். பக்கத்தில் சாத்தியிருக்கிற மற்றத் துவக்குகள் எல்லாம் ஏக்கத்தோடு பார்க்கும். ஒன்றுக்குச் சிலந்தி வலையே கட்டிவிட்டது, பார்க்க வர ஆளில்லை போல.

வெளியே வாங்கில் குந்தி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர் உருத்திரமூர்த்தி. நீ சின்னதில் பார்த்திருப்பாய், எங்கள் வேலிக்கு அடுத்த வளவு. சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து ஒரு சைக்கிளோடும் ஒரு பானையோடும் வந்து இங்கேயே நின்றுவிட்ட மனிசன். அவருக்கும் எனக்கும் இருபத்தேழு வருட உடன்படிக்கை ஒன்று உண்டு. பன்றியை நான் சுடுவேன், தொடமாட்டேன், திரும்பியும் பார்க்கமாட்டேன். மூர்த்தி வந்து தூக்கிக்கொண்டு போவார். எனக்குப் பயிர், அவருக்குக் கறி. உலகத்தில் எந்த இரண்டு நாட்டுக்கும் இடையில் இவ்வளவு சுத்தமான ஒப்பந்தம் கிடையாது. ஆகவே என் லைசன்ஸ் விஷயத்தில் என்னை விட அவருக்குத்தான் அவசரம். "நானா, ஏழு மாசமா எங்கட வீட்டில பருப்பும் பூசணிக்காயும்தான். மனிசி என்னைப் பாக்கிற பார்வை சரியில்லை" என்கிறார்.

பன்றிகளுக்கு லைசன்ஸ் முடிந்த செய்தி ஜனவரி முதலாந் திகதி காலையிலேயே கிடைத்துவிட்டது. யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. முன்பெல்லாம் களவாக, பயந்து பயந்து வந்த சாதி, இப்போது பின்னேரம் பள்ளியில் அஸருக்கு வாங்கு சொல்கிற நேரத்துக்கே வாறாங்க, கல்யாண வீட்டுக்கு வாற மாதிரி, குடும்பத்தோட, பிள்ளை குட்டியோட. முன்னாலே இடது காது கிழிந்த ஒரு பெரியது. மூர்த்தி அதற்குச் சேர்மன் என்று பெயர் வைத்திருக்கிறார். சேர்மன் வந்து வரம்பில் நின்று நாலு பக்கமும் பார்த்து, தலையை ஆட்டின பிறகுதான் மற்றதுகள் வாயை வைக்கும். ஒழுங்கைப் பொறுத்தவரை நம்ம கூட்டங்களை விட நூறு மடங்கு மேல்.

கச்சான் பிடுங்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அது வரைக்கும் துவக்கு வராவிட்டால் எனக்குப் பிடுங்க வேலையிருக்காது, சேர்மன் முடித்துக்கொடுப்பார். இதுதான் வழக்கு. இனித் தாமதத்தின் சரித்திரம்.

முதலில் எங்கள் கிராம சேவகர், ஜீ.எஸ். மஸாஹிரின் கடிதம். "இந்த ஆளுக்குத் தோட்டம் இருக்கிறது, துவக்குத் தேவை" என்று இரண்டு வரி. மஸாஹிர் ஆறு கிழமை எடுத்தார், ஏனென்றால் அவருக்குத் தோட்டமும் தெரியும், துவக்கும் தெரியும், என்னையும் தெரியும், மூன்றையும் ஒரே வசனத்தில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. பிறகு, அறுபது தாண்டியவன் என்பதால் கண் டொக்டரிடம் ஒரு துண்டு வாங்கி வரச் சொன்னார்கள். புத்தளம் போனேன். டொக்டர் சுவரில் ஓர் அட்டையைத் தொங்க விட்டு வாசிக்கச் சொன்னார். "டொக்டர், எழுத்து வந்து என்ட கச்சானைத் தின்னாது. ஒரு பன்றியை அந்தச் சுவரோரம் நிப்பாட்டுங்க, காதுல எத்தனை மயிர் எண்டு எண்ணிச் சொல்றேன்" என்றேன். சிரித்தார். இது பெரிய விஷயமில்லை, முறைப்பாட்டில் சேர்க்க வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் பெரிய பிழை நடந்தது. பயிருக்குச் சேதம் இருக்கிறதா என்று பார்க்க சார்ஜன் மாத்தயா நேரில் வருவதாகத் தகவல் வந்தது. உன் மாமியைத் தெரியும்தானே. "பொலிஸ் மாத்தயா வாற நேரம் தோட்டம் இப்பிடியா ஈக்கிற? ஆக்கள் என்ன நெனப்பாங்க?" என்று விடியச் சுபஹோடு இறங்கிவிட்டாள். பன்றி கிண்டின குழியெல்லாம் மூடி, பிடுங்கிப் போட்ட செடியெல்லாம் அள்ளி எரித்து, பிரிந்த வேலியை மூர்த்தியைக் கொண்டு கட்டி, வரம்புக்குத் தண்ணீர் தெளித்துக் கூட்டி, மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிற மாதிரித் தோட்டத்தை ஆக்கிவிட்டாள். நானும் சும்மா இருந்தேனா, ஒரு மாலை போடாததுதான் குறை. சார்ஜன் வந்தார், கதிரையில் இருந்தார், இறால் கறியும் வட்டிலப்பமும் சாப்பிட்டார். இது இலஞ்சமில்லை மகள், விருந்து. கையைத் துடைத்துவிட்டுத் தோட்டத்தைப் பார்த்தார், புத்தகத்தில் எழுதினார்: "பயிர் மிகச் செழிப்பு. சேதம் எதுவுமில்லை. துவக்குத் தேவைப்படவில்லை."

நான் விடுவேனா. மறுபடி விண்ணப்பம். இந்த முறை மாமியை விளக்குமாறு தொட விடவில்லை. ஒரு மாதம் கழித்துச் சார்ஜன் வந்து பார்த்தபோது முன்பக்கத்து ஒரு ஏக்கரில் ஒரு செடி கிடையாது. பார்த்தார், எழுதினார்: "இங்கே பயிரே இல்லை. காப்பதற்கு எதுவுமில்லாதபடியால் துவக்குத் தேவைப்படவில்லை." நான் தலையில் கை வைத்தேன். மூர்த்தி மெல்லமாய்க் கேட்டார், "மாத்தயா, அப்ப எவ்வளவு தின்டா துவக்குத் தருவியள்? அளவைச் சொன்னா சேர்மனுக்கு நாங்கள் அறிவிக்கலாம்."

மூன்றாந் தரம் மத்தியானம் லுஹருக்குப் பிறகு வந்தார்கள். சார்ஜன், ஒரு கான்ஸ்டபிள், ஜீ.எஸ். மஸாஹிர், மூன்று பேரும். சேர்மனும் வந்தார். பகல் வெளிச்சத்தில், சொந்த வீட்டு முற்றத்தில் நடக்கிற மாதிரி. ஒரே ஒரு பாலை மரம்தான் நிற்கிறது அந்தப் பக்கம். மூன்று அரசாங்க உத்தியோகத்தரும் ஒரே கிளையில். கீழே மூர்த்தி மட்டும் அசையாமல் நின்று, பன்றியை ஏற இறங்கப் பார்த்து, "எண்பது கிலோ தட்டும் நானா" என்றார். சேர்மன் அவரைக் கவனிக்கவில்லை. நேரே போய் வரம்பில் விழுந்து கிடந்த ஃபைலை முகர்ந்து, முதலில் என் விண்ணப்பம், பிறகு ஜீ.எஸ். கடிதம், பிறகு இரண்டு ரிப்போட்டையும் ஒழுங்கு முறைப்படி தின்று, முத்திரையை மட்டும் துப்பிவிட்டுக் காட்டுக்குள் போனார். மரத்திலிருந்து சார்ஜன் சொன்னார்: "நானா, சேதத்தை இப்ப கண்ணால கண்டோம். ஆனா ஃபைல் இல்லாம ஒண்டும் செய்ய ஏலாது. முதல்ல இருந்து தொடங்குவோம்."

இதுதான் மகள் உள்ளது உள்ளபடி. இதை உன் சட்டத் தமிழில் போட்டு, இரண்டு மூன்று பெரிய சொல்லும் சேர்த்து, மேலிடம் கதிரையை விட்டு எழும்புகிற மாதிரி ஒரு முறைப்பாடு எழுது.

உன் உம்மாவுக்கு என் ஸலாம். நேரத்துக்குச் சாப்பிடு. உன் வழக்குகளில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், எதிர்த்தரப்புக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். மாமி உனக்கென்று வறுத்த கச்சான் ஒரு பை கட்டி வைத்திருக்கிறாள், போன போகத்துக் கச்சான்தான், பயப்படாமல் தின்னலாம்.

இப்படிக்கு,
துவக்கில்லாத உன் மாமா.

பி.கு. கடிதத்தை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்தேன். மாமி தொழுதுகொண்டிருக்கிறாள், அவள் தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்க முன்னம் இதை எழுதி முடிக்க வேண்டும். முறைப்பாடு போடாதே.

சார்ஜன் ஒரே ஒரு தரம்தான் வந்தார். மாமி கூட்டி வைத்திருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானே வேலியோரம் சுற்றிப் போய், மூடின குழிகளைக் காலால் தட்டிப் பார்த்து, துவக்கு அவசியம் என்று மே மாதமே எழுதி வைத்துவிட்டார். மஸாஹிர் கடிதம் கொடுத்தது இரண்டாம் நாள். மரத்தில் ஒருவரும் ஏறவில்லை, அந்த இடத்தில் பாலை மரமே கிடையாது. சேர்மன் தின்றது இரண்டு வரிசைதான். மிச்சத்தை மூர்த்தி பின்னேரம் தோறும் தகரம் தட்டிக் காப்பாற்றுகிறார், கூலியென்று ஒரு தேத்தண்ணிக்கு மேல் வாங்கவில்லை. புதன்கிழமைகளில் சார்ஜன் உள்ளே வைத்து என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான், "நானா, அந்தக் கண் துண்டு?" நான் எண்ணெயைப் பூசிவிட்டு, வெளியே வந்து, "இன்னும் இழுக்கிறாங்க மூர்த்தி" என்று சொல்வேன். அவர் ஃபைலைக் கட்டிக்கொண்டு எழும்புவார்.

டிசம்பர் இருபத்தேழு, அஸருக்குப் பிறகு, வேலியோரம் குனிந்து நின்ற ஒரு பன்றிக்குக் குறி வைத்தேன். விரல் விசையில். பன்றி நிமிர்ந்து நின்று ஒரு பீடி பற்ற வைத்தது. "என்ன நானா, வெயிலுக்க நிண்டு உறைஞ்சு போனியள்?" என்று கேட்டது. மூர்த்தி விறகு பொறுக்க வந்திருக்கிறார். அவருக்கு இன்றைக்கும் தெரியாது. அடுத்த நாள் காலை துவக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வலது கண்ணில் பூ விழுந்திருக்கிறதாம், இடதிலும் தொடங்கிவிட்டதாம், வெட்டினால் தெரியுமாம். கொழும்பில் ஒரு நல்ல இடத்தில் நாள் எடுத்துக் கொடு. மாமியிடம், நீ வழக்கு விஷயமாகக் கூப்பிட்டாய் என்று சொல்கிறேன். வெட்டியும் சரிவராவிட்டால் துவக்கை மூர்த்தி பெயருக்கு மாற்ற வழியிருக்கிறதா என்று பார். அவருடைய கண் நல்ல கண், எண்பது கிலோ என்றால் எண்பது கிலோ.

தாமதத்தின் சரித்திரம் என்று எழுதினதில், முறைப்பாட்டில் சேர்க்க வேண்டாம் என்று சொன்ன அந்த அட்டைக் கதை மட்டும் மெய். பன்றியை நிப்பாட்டுங்க என்று சொன்னதும் மெய், டொக்டர் சிரித்ததும் மெய். மேல் வரியில் ஒரே ஒரு எழுத்து இருந்தது மகள். அதையும் நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.