சந்தனம் வைத்த டர்போ

பெட்டியின் மேல் தீப்பிழம்பு பறக்க ‘டர்போ’ என்று அச்சடித்திருந்தார்கள். பிரித்தால் உள்ளே ஒரு சின்ன விசிறி, இரண்டு ஒயர், நாலு திருகாணி, சீன எழுத்தில் ஒரு காகிதம்.

காந்திமதிநாதன் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்படியும் விளங்கவில்லை.

“இதுக்கா மூவாயிரத்து இருநூறு?” என்றாள் அவர் மனைவி சண்முகசுந்தரி. “வேர்த்த மூஞ்சிக்குக்கூட இந்தக் காத்து காணாதே.”

“உனக்கு என்ன தெரியும்? நல்ல கம்பெனி டர்போ ஒண்ணரை லச்சம் சொல்லுதான். இதுவும் அதே சோலிதான் பாக்கும். எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளணும், அவ்வளவுதான். நாலாயிரம் பேரு நல்லாருக்குன்னு எழுதிருக்கான்.”

“அந்த நாலாயிரம் பேருல எவனாவது பாபநாசம் மலை ஏறிருக்கானா?”

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை என்று காந்திமதிநாதன் கல்யாணமான புதிதிலேயே முடிவெடுத்திருந்தார்.

அவர் பாளையங்கோட்டையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் சூப்பிரண்டு. இடிபட்ட வண்டிகளின் பில்லாகப் பார்த்துப் பார்த்து, மெக்கானிக் என்றாலே சந்தேகப்படுகிறவர். பானட்டைத் திறந்து காட்டினால் பில் ஏறும் என்பது அவர் சித்தாந்தம். அதனால் வீட்டில் எது கெட்டாலும் அவரே பார்ப்பார். குக்கருக்குப் புதுக் கைப்பிடி போட்டது அவர்தான். கார் வாங்கிய வாரமே அதன் விசில் சத்தத்தை ஒழித்துக் கட்டியதும் அவர்தான். மிக்சி மூடிக்குக் கொக்கி வைத்தார். வேலையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு தடித்த ரப்பர் குழாயை எடுத்து, வாஷிங் மெஷின் தண்ணீர் வாழை மூட்டுக்குப் போகிற மாதிரி மாட்டினார். எல்லாம் பைசாச் செலவில்லாமல். அந்த வாழை இப்போது குலை தள்ளியிருந்தது.

கார்தான் அவருக்கு அடங்கவில்லை. தை மாதம் செகண்டில் வாங்கிய டீசல் கார். வாங்கிய புதிதில் சீறிக்கொண்டு போயிற்று. பிறகு யார் கண் பட்டதோ, கரும்புகை கக்கிக்கொண்டு எருமை நடை நடக்க ஆரம்பித்தது. மாசியில் மாமியார் வீட்டாரோடு இரண்டு காராகப் பாபநாசம் மலைக்குப் போனார்கள். இரண்டாவது வளைவில் அவர் வண்டி நின்றுவிட்டது. மச்சினன் சிவசங்கரன் இறங்கி வந்து, எல்லாரையும் தன் புதுக் காருக்கு மாற்றினான். மாமியார் ஏறினாள், மனைவி ஏறினாள், புளியோதரைத் தூக்கும் ஏறியது. இடமில்லாமல் போனது காந்திமதிநாதனுக்கு மட்டும்தான். இரண்டு மணி நேரம் குரங்குகளோடு உட்கார்ந்து காருக்குக் காவல் இருந்தார்.

இப்போது பங்குனி உத்திரம் வருகிறது. ஊரெல்லாம் அவரவர் குலசாமியான சாஸ்தாவைத் தேடிப் போகிற நாள். அவருடைய சாஸ்தா அதே மலைமேல்தான் இருக்கிறார்.

போன வாரம் சிவசங்கரன் போன் செய்தான். “அத்தான், உங்க சாஸ்தாவுக்கு என் கார்லயே போயிருவோம். அம்மையும் வாரேங்கா. உங்களுக்கும் ஒரு சீட்டு வச்சிருக்கேன்.”

தன் சாஸ்தாவைப் பார்க்கத் தனக்கே ஒரு சீட்டு! காந்திமதிநாதனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“என் சாஸ்தாவுக்கு என் வண்டியிலதான் போவேன். உங்க அம்மையையும் நான்தான் கூட்டிட்டுப் போவேன். ஏறலேன்னா இந்த ஜென்மத்துல ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்!” என்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் அந்த இரண்டாவது வளைவு ஞாபகம் வந்தது.

அப்படித்தான் இந்த விசிறி வீட்டுக்கு வந்தது.

மாட்டுவதற்குத் தளவாயைக் கூப்பிட்டார். தளவாய் ஜங்ஷனில் பழைய மின்விசிறிகளுக்குக் காயில் கட்டுகிறவன்.

“விசிறிதானே அண்ணாச்சி, நம்ம லைன்தான்” என்று அரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். எஞ்சினுக்குள் வேறு எதையும் அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காற்று உறிஞ்சும் வாயில் விசிறியைச் சொருகினான், ஒயரை முறுக்கினான், டேப்பைச் சுற்றினான்.

“ஓடுதா?”

“ஓடுது. ஒரே ஒரு விசயம். கரண்டை ஆரன் ஒயர்ல இருந்து எடுத்திருக்கேன். ஆரன் அடிச்சாத்தான் விசிறி சுத்தும்.”

“அப்ப ஏத்தத்துல?”

“ஏத்தம் முடியுத வரைக்கும் ஆரன்ல இருந்து கையை எடுத்துராதீங்க.”

மறுநாள் காலை ஈரடுக்குப் பாலத்தில் சோதனை. சண்முகசுந்தரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாலத்தடியில் ஆரனில் கைவைத்த காந்திமதிநாதன் உச்சிவரை எடுக்கவில்லை. ஆட்டோக்கள் ஒதுங்கின. டவுன் பஸ் ஒதுங்கியது. மேலே நின்ற போலீஸ்காரர் ஓடி வந்து, எதிரே வந்த வாழைக்காய் லாரியை ஓரங்கட்டி வழி விட்டார்.

“ஆஸ்பத்திரிக்கா அண்ணாச்சி?” என்றார் ஜன்னலில் குனிந்து.

காந்திமதிநாதன் மனைவியைக் கையால் காட்டினார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

“பாவம், பைய கூட்டிட்டுப் போங்க” என்றார் போலீஸ்காரர்.

வண்டி கொஞ்சம் சுருக்காக ஏறிய மாதிரித்தான் இருந்தது. விசிறியாலா, வழி கிடைத்ததாலா என்பது மட்டும் தெரியவில்லை. வீடு வந்த பிறகுதான் சண்முகசுந்தரி காதிலிருந்து கையை எடுத்தாள்.

தளவாய் வந்து ஒயரை ஆரனிலிருந்து கழற்றி வைப்பருக்கு மாற்றினான். பங்குனி வெயிலில் சொட்டு மழை இல்லாத ரோட்டில், வைப்பர் வறட் வறட்டென்று ஆட, காந்திமதிநாதன் ஆபீஸ் போனார். விசிறி கீச்சென்று கத்தியது.

“பாடுபட்டு ஒழிச்ச விசில் சத்தத்தை இப்பக் காசு குடுத்து வாங்கியிருக்கிய” என்றாள் சண்முகசுந்தரி.

மூன்றாம் நாள் எங்கோ பியூஸ் போயிற்று. விசிறி நின்றது, வைப்பர் நின்றது, ஜன்னல் கண்ணாடிகள் இறங்கியபடியே நின்றன. புகை மட்டும் வழக்கம்போல வந்தது. முன்பு வெளியே போய்க்கொண்டிருந்த புகை, இப்போது ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

இனிமேல் மட்டச் சாமான் கூடாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பேட்டையில் பேச்சிராஜ் என்று ஒரு மெக்கானிக், டர்போ வேலையில் கெட்டிக்காரன் என்று ஆபீசில் சொன்னார்கள். ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தார். பேச்சிராஜ் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான்.

“தம்பி, விலை கம்மியான டர்போவுக்கும் கூடுனதுக்கும் என்ன வித்தியாசம்?”

“மட்டமானதுன்னா சூட்டுல உடைஞ்சு எஞ்சினுக்குள்ள போய் விழும். நல்லதுன்னா பத்து வருசத்துக்கு அது இருக்கதே தெரியாது” என்றது ஜீப்பின் அடியிலிருந்து குரல். “ஆனா உங்க வண்டிக்கு அது வேணுமா வேண்டாமான்னு பாக்காம எப்படிச் சொல்ல? கொண்டாங்க, பானட்டைத் திறந்து பாத்துருவோம்.”

திறந்து பாத்துருவோம் என்றதும் காந்திமதிநாதன் உஷாரானார்.

“வண்டி ஊர்ல இல்ல” என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்ததும் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடைக்குப் போன் போட்டார்.

“இப்ப வண்டியில இருக்கிற டர்போவைக் கழட்டிட்டு இதைப் போடப்போறீங்களா சார்?”

“ஆமா. இருக்கது சரியில்ல. சைனா விசிறி.”

“விசிறிங்களா?”

“ஆமா. முதல்ல ஆரன்ல ஓடுச்சு. பிறகு வைப்பர்ல ஓடுச்சு.”

“நீங்க மாடல் நம்பர் மட்டும் சொல்லுங்க சார். அனுப்பி வச்சிடறோமுங்க.”

வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த ஒன்றரை லட்சம் அன்றைக்கே கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தது. சண்முகசுந்தரி ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அவருக்கும் இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே!

உத்திரத்துக்கு முந்தின நாள் காலையில் பெட்டி வந்தது. தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. சிவசங்கரனும் அவன் அம்மாவும் அன்றைக்கே வந்து இறங்கியிருந்தார்கள். ‘சீல் உடைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம்’ என்று பெட்டிமேல் சிவப்பில் ஒட்டியிருந்தது.

“ஒண்ணரை லச்ச ரூவாச் சாமானை சாமி முன்னால வைக்காம வண்டியில ஏத்த விடமாட்டேன்” என்றாள் சண்முகசுந்தரி.

பூஜை அறையில் வைத்துச் சீலை உடைத்தார்கள். நத்தைக் கூடு மாதிரி சுருண்டு, பளபளவென்று இருந்தது டர்போ. அதற்குத் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தாள். கற்பூரம் காட்டினார்கள். மாமியார் டர்போவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“மாப்பிள்ளை எதைச் செஞ்சாலும் கனமாத்தான் செய்வாரு” என்றாள்.

பதினெட்டு வருஷத்தில் மாமியார் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. காந்திமதிநாதன் இன்னொரு கற்பூரம் ஏற்றினார். சிவசங்கரன் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அவருக்கு இன்னும் சந்தோஷமாக இருந்தது.

மாட்டிக்கொடுக்கப் பேச்சிராஜையே வரச் சொல்லியிருந்தார். சாமானைத் தானே வாங்கியாகிவிட்டது, கூலி மட்டும்தான். இனி பானட்டைத் திறந்து காட்டினால் என்ன? வீட்டின் பக்கவாட்டில் காரை நிறுத்தி, அவரே பெருமையாகத் திறந்தும் வைத்திருந்தார்.

பையோடு வந்தான் பேச்சிராஜ்.

“தம்பி, சாமான் பூஜை ரூம்ல இருக்கு. பின்னால குழாயில கை காலைக் கழுவிட்டு வந்து எடுங்க” என்றாள் சண்முகசுந்தரி.

அவன் காரைத் தாண்டித்தான் பின்பக்கம் போக வேண்டும். போகிற போக்கில் எஞ்சினை எட்டிப் பார்த்தவன் நின்றான். இன்னும் நன்றாகக் குனிந்து பார்த்தான். தலையைச் சொறிந்துகொண்டு பின்பக்கம் போனான்.

“பாத்தியா சிவசங்கரா, மட்டச் சாமானைப் போடவே கூடாது. எதுக்கும் ஒரு தரம் வேணும்” என்று வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார் காந்திமதிநாதன். மாமியார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கை கழுவப் போனவன் ஐந்து நிமிஷம் ஆகியும் வரவில்லை. வாஷிங் மெஷின் பக்கம் எதையோ பிடுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு, வளைந்த தடித்த ரப்பர் குழாய் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். அதிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது. நேரே காருக்குப் போய், குழாயின் ஒரு நுனியை எஞ்சினுக்குள் ஓரிடத்தில் சொருகினான். மறு நுனியை இன்னோரிடத்தில் அமுக்கினான். இரண்டும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன.

காந்திமதிநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு, கார் வாங்கிய வாரம் கேட்ட விசில் சத்தம் பைய பைய ஞாபகம் வந்தது.

பேச்சிராஜ் கையைத் துடைத்துக்கொண்டே எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

“அண்ணாச்சி, உங்க வண்டியில கம்பெனி போட்ட டர்போவே நல்லா சுத்திக்கிட்டுக் கெடக்கு, அதுல இருந்து எஞ்சினுக்குக் காத்து போற இந்தப் பைப்பைக் கழத்தி வாழைக்கு வச்ச கூமுட்டை யாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் அவன்கிட்டப் பேசிக்கிடுதேன்!”