ஏலிச் சேடத்தியின் வாய்க்கோட்டை

வெண்காலணி வீராங்கனை, வெப்பமானி ஏந்திய வலக்கையாள், ஊட்டச்சத்துப் பாடத்தில் வகுப்பிலேயே முதல்வி, மலப்புறத்து மாப்பிள்ளை முஸ்லிம் குலக்கொழுந்து, செவிலி மாணவி ஷஹானா வாழ்க! அவள் ஓர் அவித்த முட்டையோடு போர்க்களம் புகுந்த கதையைச் சொல்லப் போகிறேன். நாவே, நடுவில் நகைத்துவிடாதே.

மீனச்சிலாற்றங்கரை ஆஸ்பத்திரியின் பெண்கள் அறுவை வார்டில், ஜன்னலோரக் கட்டிலைச் சிங்காதனமாக்கி வீற்றிருந்தாள் ஏலியாம்மா. பாலாய்ச் சந்தையில் கப்பையெனும் மரவள்ளிக்கிழங்கு விற்றவள். விலை குறைத்துக் கேட்டோரை ஒரே சொல்லில் வெட்டிச் சாய்த்த வாள்நாக்கினள். கோழி துரத்தப்போய் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்து, கத்திக்குக் காலைக் கொடுத்தபின்னும் அந்த நாக்கின் கூர் மழுங்கவில்லை. தாதியரும் நோயாளிகளும் அவளை, மூத்த அக்காளென்ற மரியாதையோடு, ஏலிச் சேடத்தி என்றழைத்து அஞ்சினர்.

எலும்பு நேராயிற்று, தையலிட்ட சதை மட்டும் ஒட்ட மறுத்தது. ஓசானா எனும் குருத்தோலை ஞாயிற்றுக்குள் புண் மூடாவிட்டால் திரும்பக் கீறித் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். மருந்து போதாது, உடைந்த உடலாகிய ஊருக்குள் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து செல்லும் கொத்தனாகிய புரதம் வேண்டும். ஆனால் அதுவோ ஈஸ்டருக்கு முந்திய அம்பது நோம்புக் காலம். மீனும் இறைச்சியும் பாலும் முட்டையும் ஏலியாம்மாவின் உதட்டெல்லைக்கு அப்பால் நாடு கடத்தப்பட்டிருந்தன. பாலில்லாக் கட்டஞ்சாயாவும் கஞ்சித்தண்ணீருமே அவள் உணவு.

"நானும் சொல்லிப் பாத்தாச்சு. பங்குக்கோயில் அச்சனையே வரவழைச்சு, சீக்காளிக்கு நோம்பு விலக்குன்னு சொல்ல வச்சாச்சு," என்றார் ஷஹானாவிடம் வார்டுத் தலைவி திரேசா சிஸ்டர். "விலக்கு வேணும்னா அச்சன் எடுத்துக்கட்டும்னு சேடத்தி சொல்லிடுச்சு. இனி உன் பாடு."

அன்று காலை, முழுமதியைத் தட்டிலேந்தி வரும் கீழ்வானம் போல, அவித்த முட்டையை ஏந்தி நடந்தாள் ஷஹானா. வலப்புறம் உப்பு, இடப்புறம் மிளகுப்பொடி. மதில்மேல் நின்று எதிரிப்படையை நோட்டமிடும் மன்னன் போல ஏலியாம்மா அதை நோக்கினாள். நோக்கியபின் மேலுதடும் கீழுதடும் கோட்டைக் கதவென இறுகின.

"சேடத்தி, ஒரு வாய். புண்ணு ஆறணும்ல?"

"எட்டு வயசுல தொடங்கின நோம்பு மோளே. நாலு பெத்தேன், ஒரு தடவ கூட முறிக்கல. இப்ப ஒரு கோழி பெத்ததுக்காகவா முறிப்பேன்?"

வார்டே குலுங்கியது. முட்டை புறமுதுகிட்டது.

வீரம் தோற்ற இடத்தில் சூழ்ச்சி முளைப்பது உலக வழக்கு. பகலில் நம் நாயகி ஒரு பழிச்செயல் புரிந்தாள்: வெள்ளைக்கருவை மாவாய் மசித்துக் கஞ்சிக்குள் கலந்து, மேலே தேங்காய்த் துருவலைப் போர்த்தி, வேவுகாரனை வணிகர் கூட்டத்தில் அனுப்புவதுபோல் அனுப்பினாள். கரண்டி உயர்ந்தது. கதவு திறந்தது. ஆனால் ஆயுளெல்லாம் கிழங்கில் கசப்பறிந்த அந்த நாக்கு, ஒற்றனை வாசலிலேயே பிடித்தது. ஏலியாம்மா துப்பினாள். கத்தவில்லை. அதுதான் பயங்கரமாயிருந்தது.

"நீயும் நோம்பு பிடிக்கறவதானே," என்றாள் மெல்ல. "உன் நோம்பு நேரத்துல ஒருத்தி உனக்குத் தெரியாம வாயில தண்ணி ஊத்தினா, உனக்கு எப்படி இருக்கும்?"

ஆயிரம் ஈட்டிகள் தைத்தாலும் அப்படி வலித்திராது. ரம்ஸான் பகல்களில் தொண்டை வறண்டு வகுப்பில் அமர்ந்திருந்தவள் ஷஹானா. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, கட்டிலருகே முக்காலியில் அமர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"தப்புதான் சேடத்தி. புண்ணப் பாத்து பயந்துட்டேன். உங்களத் திரும்பக் கீறுவாங்களேன்னு. இனி உங்களுக்குத் தெரியாம ஒண்ணும் தர மாட்டேன்."

ஏலியாம்மா ஜன்னலைப் பார்த்தாள், ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷஹானா கேட்டாள்: "வீட்டுல இருந்தா இந்த அம்பது நாளும் என்ன சாப்பிடுவீங்க?"

"வேற என்ன? கஞ்சியும் செறுபயறும். நெல்லிக்கா சம்மந்தித் துவையல். இங்க யாரு தர்றா? காலைல முட்டை, மத்தியானம் மீனு. அதை ஒதுக்கினா மிச்சம் வெறும் தண்ணிதான்."

ஆகா! மின்னல் வெட்டிய மேகம்போல் ஷஹானாவின் முகம் ஒளிர்ந்தது. பச்சைப்பயறு! தேர்வுத்தாளில் தன் கையாலேயே எழுதி மதிப்பெண் வாங்கிய பயறு! அரிசியில் குறைவதைப் பயறு நிரப்ப, பயற்றில் குறைவதை அரிசி நிரப்ப, இருவரும் கைகோத்தால் இறைச்சிக்கு இளைக்காத புரதப் படை. புண் மூடத் துணைசெய்யும் வைட்டமின் சி-க்கு நெல்லிக்காயோ தனியொரு தளபதி. எழுதினாளேயன்றி, வார்டுக்குள் வந்ததும் முட்டையொன்றையே ஆயுதமென நம்பிவிட்டாள்.

புயலெனப் படியிறங்கிச் சமையற்கூடம் புகுந்தாள். அங்கே அகப்பை ஏந்திய அரசன் பொன்னப்பன் வழிமறித்தான்.

"அறுவை வார்டுக்கு முட்டைன்னுதான் எனக்கு உத்தரவு, கொச்சுப்பெண்ணே."

"அந்த முட்டை தினமும் திரும்பி வருதா இல்லையா, சேட்டா?"

பொன்னப்பன் யோசித்தான். திரும்பித்தான் வந்துகொண்டிருந்தது, தின்றதும் அவன்தான். மறுபேச்சின்றிப் பயற்றை அடுப்பிலேற்றினான்.

மறுநாள் ஆவி பறக்க வந்தது பயற்றுக்கஞ்சி. ஓரத்தில் சம்மந்தி, பசும்படையின் கொடிபோல. ஏலியாம்மா கிண்ணத்தை முகர்ந்தாள், கரண்டியால் கிளறினாள், அடிவரை சோதித்தாள்.

"இதுல எத ஒளிச்சு வச்சிருக்க?"

ஷஹானா வேறொரு கரண்டியால் அள்ளித் தன் வாயில் போட்டு, மென்று, விழுங்கிக் காட்டினாள்.

"உப்பு போதுமா?" என்றாள் ஏலியாம்மா.

"கொஞ்சம் குறைவு."

"பொன்னப்பன் கை அப்படித்தான். கொண்டா."

திறந்தது கோட்டை! முரசின்றி, சங்கின்றி, கரண்டிக்குப் பின் கரண்டியாகப் பச்சைப்படை உள்ளே பாய்ந்தது. கிண்ணத்தின் வெள்ளை அடி தெரிந்தபோது பக்கத்துக் கட்டில்காரிகள் கைதட்டினர். அன்றுமுதல் நாள்தோறும் அவ்வண்ணமே: காலையில் புட்டும் பயறும், பகலில் கொண்டைக்கடலைக் கறி, மாலையில் வறுத்த நிலக்கடலை. ஓசானாவுக்கு முந்திய நாள் டாக்டர் கட்டவிழ்த்தபோது, புண்ணின் இரு கரைகளும் நெடுநாள் பகைத்த உடன்பிறந்தாரென ஒன்றையொன்று தழுவிக் கிடந்தன. கத்தி உறைக்குத் திரும்பியது. எட்டு வயதில் தொடங்கிய நோன்பு எள்ளளவும் முறியாமல், ஏலியாம்மா அண்டை நாட்டு வேந்தனைச் சரிசமமாய் ஆரத் தழுவும் பேரரசி போல் ஷஹானாவின் கையைப் பற்றினாள். மூவுலகும் அக்காட்சியைக் கண்டு பூமாரி பொழியக் காத்திருந்தது.

பயறு தின்ற ஏலியாம்மாவின் வாயு தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரி தன்னை வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள்.