சித்திபொன்னைத் தூக்கிக்கொண்டு போன பாட்டு

அயுத்தயாவில் ரனாட் வாத்தியத்துக்கே வாழ்க்கைப்பட்டுவிட்ட என் அண்ணன் சம்ருவாய் அவர்களுக்கு, பெட்சபூனிலிருந்து தங்கை பிரனோம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் காய்ச்சல் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இதைப் படித்து மறுபடி ஏறினால் நான் பொறுப்பில்லை.

அண்ணா, உங்கள் மருமகன் சித்திபொன் துறவியாகிவிட்டான். எப்படி ஆனான் என்று கேளுங்கள். நீங்கள் கண்டிப்பாகச் சொன்னபடி ஒலிபெருக்கி லாரியே வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள் அனுப்பிய சீடர்கள் மூவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரனாட், குழல், மேளம் என்று அவ்வளவு அடக்கமாக வாசித்துக்கொண்டு முன்னால் போனார்கள். தலையும் புருவமும் மழித்த சித்திபொன் என் கொழுந்தன் தவினின் தோளில் உட்கார்ந்திருந்தான். கோயிலுக்குள் நுழையும்வரை கால் மண்ணில் படக்கூடாதே. பெரிய பிக்கு பதினொரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார், அதற்குள் போய்ச் சேராவிட்டால் அன்றைக்குத் துறவு இல்லை. மகனுடைய காவி நுனியைப் பிடித்துத்தான் நான் சொர்க்கம் போயாக வேண்டும், எனக்கு வேறு என்ன வழியிருக்கிறது?

முச்சந்தியில், துறவியாகப்போகிற பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனின் ஊர்வலம் குறுக்கே வந்தது. வீட்டு உயரத்துக்கு ஒலிபெருக்கி அடுக்கிய லாரி. மேலே ஒருத்தன் மின்சாரக் கம்பி வாத்தியத்தில் மொர்லம் நாட்டுப்பாட்டு மெட்டு ஒன்றை எடுத்துவிட்டான் பாருங்கள், என் கால் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே ஆடிற்று. தவினுக்கு உடம்பு முழுக்க ஆடிற்று. தோளில் ஒரு பிள்ளை இருப்பதையே மறந்து, அந்த லாரிக்குப் பின்னால் ஆடிக்கொண்டே போய்விட்டான். நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவன் பின்னாலேயே. நான் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

"அம்மா, சித்தப்பா இறக்கிவிட மாட்டேங்கிறார்மா," என்று மேலேயிருந்து கத்தினான் சித்திபொன்.

"இறங்கித் தொலைக்காதடா. உன் கால் மண்ணுல பட்டா என் கதி என்னாகிறது?" என்றேன். "தவின், திரும்புப்பா."

"இந்த ஒரு பாட்டு முடியட்டும் அண்ணி," என்றான் தவின்.

அது முடிகிற பாட்டா? ஒரு மெட்டுக்குள் இன்னொரு மெட்டு நுழைந்து போய்க்கொண்டேயிருக்கிறது. தவினைத் திருப்ப முடியவில்லை, அதனால் லாரியைத் திருப்பினேன். ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து நான் போட்ட சத்தத்தில் அவர் வளைத்துவிட்டார். அந்தப் பக்கத்து ஊர்ப் பையனின் அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள்.

"எங்க லாரிய எங்கடி ஓட்டிட்டுப் போற?"

"ஆத்தா, எங்க கோயிலைச் சுத்திட்டு அப்படியே உங்க கோயிலுக்கு வந்துடறேன். உன் பிள்ளைக்கும் ரெட்டைப் புண்ணியம்," என்றேன். கொஞ்சம் யோசித்தாள், பிறகு அவளும் ஆடிக்கொண்டே வந்தாள்.

இரண்டு மொட்டைத் தலைகளும் கோயிலை மூன்று சுற்று வந்தன. பெரிய பிக்கு தட்டில் கை வைக்கப்போனவர் எழுந்து வந்தார். காவி நுனி என் கையில் பட்டபோது நான் ஊர் பார்க்க ஓவென்று அழுதேன் அண்ணா, அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனாலும் இனி நம் வீட்டு விசேஷத்தில் அந்த லாரியின் நிழல்கூடப் படக்கூடாது. உங்கள் சீடர்கள் மட்டும் இம்மியும் அசையாமல் நின்று உங்கள் மானத்தைக் காப்பாற்றினார்கள். புத்தர் அருளால் நீங்கள் சீக்கிரம் எழுந்து உட்கார வேண்டும். அண்ணிக்கு என் வணக்கம்.

உங்கள் தங்கை,
பிரனோம்

பி.கு.: சீடர்கள் ஏன் இன்னும் ஊர் வந்து சேரவில்லை என்று அண்ணி போனில் கேட்டார்கள். மூவரும் அந்த லாரி மேலேதான் இருக்கிறார்கள். ரனாட்டுக்கு மைக் வைத்துவிட்டார்கள் அண்ணா, அடுத்த ஊர்வரை கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை லோம்சாக்கில் ஊர்வலம், பெரிய மேளத்துக்கு ஆள் இல்லையாம். நீங்கள் வருவீர்கள் என்று சொல்லிவிட்டேன். முன் சீட்டில் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.