தேதி இல்லாமல் போன காது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் மூத்த தங்கையின் வீட்டுக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. என் இடது காது நீங்கலாக இங்கு அனைவரும் நலம். படைவீரர் நிவாரணத் தலைமை அலுவலகத்தில் தாங்கள் இருப்பதால், இதைத் தங்களிடம்தான் சொல்ல முடியும்.

தங்கள் இளைய தங்கையின் வீட்டுக்காரர், அதாவது என் சகலை, போரின் இரண்டாம் வருஷமே ராணுவ லாரியின் பின்கதவில் கையைக் கொடுத்து, வலது கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் இழந்து வீடு வந்து சேர்ந்தார். அதில் எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு மாதாமாதம் உதவித்தொகை, பஸ்ஸில் இலவசப் பயணம், போன இடமெல்லாம் நாற்காலி. பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்று ஒன்பது வருஷப் போரையும் முடித்துவிட்டு வந்த எனக்கு ஒன்றும் இல்லை. உங்க அம்மா அவருக்குச் சாப்பாட்டைப் பிசைஞ்சு ஸ்பூனும் வச்சுத் தர்றாங்க, நான் தண்ணி கேட்டா ‘அங்கதானே இருக்கு’ங்கறாங்க. உங்க மூத்த தங்கச்சிகிட்ட சொன்னா, ‘அவருக்கு விரல் இல்லைன்னு பாத்தாலே தெரியுது, உங்க காது ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு?’ங்கறா.

மருத்துவக் குழுவுக்கு மூணு தடவை போனேன். முதல் தடவை டாக்டர் இடது பக்கம் நின்னு கேள்வி கேட்டிருக்கார், நான் பாட்டுக்குச் சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தேன், ‘ஒத்துழைக்க மறுக்கிறார்’னு எழுதிட்டார். ரெண்டாவது தடவை அவர் உதட்டைப் பாத்துப் பாத்து ஒண்ணு விடாம பதில் சொன்னேன், ‘நன்றாகக் கேட்கிறது’ன்னு எழுதிட்டார். மூணாவது தடவை ஒரு டாக்டரம்மா, நல்ல மாதிரி, ‘காது எந்தத் தேதியில போச்சு?’ன்னு கேட்டாங்க. ‘ஒன்பது வருஷமா, கொஞ்சம் கொஞ்சமாப் போச்சும்மா’ன்னேன். ‘படிவத்துல ஒரே ஒரு தேதிக்குத்தான் இடம் இருக்கு’ன்னாங்க. அந்தப் படிவம் போர் தொடங்கின வாரம் அச்சடிச்சதாம், மூணு மாசத்துல முடிஞ்சிடும்னு நெனச்சாங்களாம். முடியலையே மச்சான். தூக்கம் போனவன், கை நடுக்கம் வந்தவன், பெத்த பிள்ளை பேரை மறந்தவன்னு எங்க ஆளுங்க வராந்தா முழுக்க உக்காந்திருக்காங்க, ஒருத்தன்கிட்டயும் தேதி இல்லை. சகலைக்குத் தேதி இருக்கு, மணி இருக்கு, சாட்சிக்கு டிரைவர் இருக்கான். கொடுத்து வச்சவர்.

ஆகவே தாங்கள் மனது வைத்து, படிவத்தில் ‘முதல்’, ‘வரை’ என்று இரண்டு தேதிகளுக்கு இடம் விடச் செய்ய வேண்டும். அது முடியாவிட்டால், லாரிக் கதவில் கை வைத்தது போரா, கவனக்குறைவா என்றாவது ஒருமுறை விசாரிக்க வேண்டும். சொன்னது நான் என்று தெரிய வேண்டாம்.

தங்கள் வீட்டில் அனைவரும் கண்ணும் காதும் குறையாமல் நீடு வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது சகலையே வந்து நின்றார், ஒரு மனு எழுதித் தரச் சொல்லி. படையில் சேர்ந்தபோது போட்ட அதே கையெழுத்தை இப்போதும் போட்டால்தான் பணம் என்று புது விதியாம். ரேகை வைக்கிறேன் என்றாராம், வலது கட்டைவிரல் ரேகைதான் வேண்டும் என்றார்களாம். பதினொரு மாதமாக ஒன்றும் வரவில்லை, வீட்டில் சொல்லாமல் ஒரு கிடங்கில் காவலுக்குப் போகிறார். மனுவை எழுதி இணைத்திருக்கிறேன், அதை முதலில் கவனியுங்கள், விசாரணை பற்றி மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். கிளம்பும்போது, ‘நீங்க சட்டைப் பொத்தான் போடறதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும்’ என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது மச்சான், ஊர் திரும்பியதிலிருந்து இன்றைக்குத்தான் எனக்கு மனசு நிறைந்தது.