பன்னிரண்டரை அடிப் பாலம்

மனித குலம் இதுவரை கண்ட காவல்களிலெல்லாம் தலைசிறந்தது எங்கள் பால் கம்பெனியின் கணினி அறையில் இருக்கிறது. காவலன் நான். பதவிப் பெயர் 'பொதுப் பக்கப் பாதுகாப்பு அதிகாரி'.

நியூயார்க் மாநிலத்துப் பிங்ஹாம்டனில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பெரிய கணினி. வேலை செய்பவர்கள் நாற்பது பேர். முழுக் கணினியும் தனக்கே சொந்தம் என்று ஒவ்வொருவரும் நம்பும்படி அது நடந்துகொள்ளும். பொதுவான அட்டவணைகள் மட்டும் நினைவகத்தில் ஒரே பிரதி; அதுதான் பொதுப் பக்கம். எல்லோரும் படிக்கலாம், யாரும் தொடக்கூடாது. தொட்டால் கணினி கோபப்படாது. தொட்டவருக்கு ஒரு தனிப் பிரதியைக் கொடுத்து ஓசைப்படாமல் ஒதுக்கிவிடும். அவர் தன் திருத்தத்தோடு சந்தோஷமாக இருப்பார். மற்ற முப்பத்தொன்பது பேருக்குப் பழையதுதான் தெரியும். இந்த நாகரிகம் வாஷிங்டனில்கூடக் கிடையாது.

'ஒதுக்கப்பட்டீர்' என்ற செய்தி முன்பெல்லாம் அவரவர் திரைக்கே போகும். யார் மனதையும் புண்படுத்துவானேன் என்று அதை என் மேசைக்குத் திருப்பிக்கொண்டவன் நான்தான்.

எண்பத்து மூன்று நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. லாரிகளுக்கு வழித்தாள் போடும் பெர்னடெட் ஹுடாக், ரயில் பாலத்தின் உயரம் பன்னிரண்டரை அடி என்று அட்டவணையில் இருப்பதைப் பார்த்தாள். உண்மையில் பதினோரு அடி. அப்பாவிப் பெண், தன் திரையிலேயே திருத்திவிட்டாள். என் மேசைக்குச் செய்தி வந்தது. 'பாதுகாப்பு மிகச் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அடுத்த திங்கள் மான் வேட்டை தொடங்கியது. பழைய ஓட்டுநர்கள் அத்தனை பேரும் துப்பாக்கியோடு காட்டில். அந்தப் பாலத்தைக் கண்ணாலேயே அளந்தவர்கள், வழித்தாளை ஒருநாளும் மதிக்காதவர்கள். அவர்கள் தடம் பெர்னடெட்டின் தம்பி எமிலுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"தாள்ல இருக்கறத நம்பிப் போடா. பாலத்து உயரத்த நானே திருத்திட்டேன்" என்று அக்கா சொல்லி அனுப்பினாள். அவன் தாள் அச்சானது பக்கத்து மேசைத் திரையிலிருந்து, பழைய பன்னிரண்டரையோடு.

லாரி பன்னிரண்டு அடி. கூரை பாலத்திடமே தங்கிவிட்டது. எமிலுக்கு நெற்றியில் பதினொரு தையல். அந்தத் தெருப் பூனைகளுக்கு மட்டும் அது திருநாள்.

விசாரணைக் குழுவின் தலைவர் லூமிஸ் அட்டவணையை ஆழ்ந்து ஆராய்ந்தார். பாலம் பன்னிரண்டரை, லாரி பன்னிரண்டு. ஆகவே மோதல் நிகழ வாய்ப்பே இல்லை. நிகழாத மோதலை நிகழ்த்திய குற்றத்துக்காக எமிலை வேலையிலிருந்து நீக்கினார்.

"நான் திருத்தினேன் சார். வந்து என் திரையப் பாருங்க" என்றாள் பெர்னடெட்.

லூமிஸ் பார்த்தார். "பதினொண்ணு. சரியாத்தானே இருக்கு? அப்புறம் என்னம்மா குறை?"

"லாரி என் திரையில ஓடல சார்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ராய், இது எனக்கு மட்டுந்தான் தெரியுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் பொய் சொல்பவன் அல்ல. "செவ்வாய்க்கிழமையே தெரியும். நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல."

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு தம்பியோடு போனாள். மறுபடி வேலைக்கு வரவில்லை.

லாரி, பால், நெற்றி எல்லாம் சேதமான அந்த விபத்தில் பொதுப் பக்கத்தில் ஓர் எழுத்துகூடச் சேதமாகவில்லை என்று குழு எனக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கியது. பாலம் இன்னும் பதினோரு அடி. பக்கம் இன்னும் பன்னிரண்டரை. மாற்றுவதற்கு இரண்டு நிமிடம் போதும். அனுமதி என் ஒருவனுக்குத்தான். முறைப்படி மனு வந்தால் செய்யலாம். எழுதித் தரத்தான் ஆளில்லை.

ஆனால் பெருமையாகச் சொல்வேன்: என் காவலில் இதுவரை ஒரு பிழைகூட அழிந்ததில்லை.