கைதட்டல் வாங்கிய கால்

இந்த வீட்டின் ஹாலை மீட்டே தீருவது என்று ஒரு திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை எல்லாம் நான் வாயில் நுரையோடுதான் எடுப்பேன். மனைவி குறுக்கே கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது பாருங்கள், அந்த வசதி.

ஹால் என்று சொன்னேனே தவிர, அது ஹாலாக இருந்து ஒன்பது வருஷம் ஆகிறது. என் மனைவி தையற்காரி. நடுவில் அவளுடைய கட்டிங் டேபிள். ஜன்னலோரம் மோட்டார் வைத்த தையல் மெஷின். மூலையில் தலையில்லாத பொம்மை ஒன்று, பாதி தைத்த கோட்டுடன் நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதற்குத்தான் வணக்கம் சொல்கிறார்கள். எங்கே உட்காருவதானாலும் நான் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். குண்டூசி பயம். இந்தப் பழக்கம் ஆபீஸ் வரைக்கும் வந்துவிட்டது. முதலாளியின் நாற்காலியைத் தடவியதற்கு ஒரு முறை விளக்கம் கேட்டார்கள்.

ஆபீஸ் என்றால் கண்ணாடிக் கடை. நான் அங்கே கண் பரிசோதிப்பவன். மேல் வரியைப் படிங்க, கீழ் வரியைப் படிங்க, இப்போ தெளிவா தெரியுதா என்று நாள் முழுக்க ஊராரைக் கேட்பவன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என்னைக் கேலி செய்ய உதவும்.

என் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அந்த வீட்டில் கிடைத்த இடம் குளியலறை. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் நான். துணி துவைக்கும் மெஷின்மேல் ஸ்பீக்கர் பெட்டி. யாராவது அவசரமாகக் கதவைத் தட்டினால் அன்றைய கச்சேரி அத்தோடு சரி. அந்த நிலைமையில்தான் நான் ஒரு பெடல் வாங்கி வந்தேன். கனத்த இரும்பு, கறுப்பு நிறம். அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"பெடல்."

"மெஷினுக்கா? என்னோடது நல்லாத்தானே இருக்கு."

"உன் மெஷினுக்கு இல்லடி, கிட்டாருக்கு."

"கிட்டாரைக் கையாலதானே வாசிப்பாங்க? கால் எதுக்கு?"

"அங்கதான் இருக்கு சூட்சுமம். நுனிக்காலால அழுத்தினா சத்தம் ஏறும். குதிகாலால அழுத்தினா இறங்கும். ஓரத்துல பட்டன் இருக்கு பாரு, அதை மிதிச்சா டிஸ்டார்ஷன்."

"அப்படின்னா?"

"நல்லா வழவழன்னு வர்ற சத்தம் அப்படியே கிழிஞ்சு வரும்."

அவள் வாயிலிருந்த இரண்டு ஊசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். நீளமாகப் பேசப் போகிறாள் என்று அர்த்தம்.

"ஊர்ல கிழிஞ்சதை எல்லாம் நான் உட்கார்ந்து தச்சுக்கிட்டிருக்கேன். நீங்க நல்லா இருக்கிறதைக் கிழிக்க ஒரு மெஷின் வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"உனக்குப் புரியாது. இதுல கை சும்மா. கால்தான் கலைஞன். பெடலை ஆளத் தெரிஞ்சவனுக்குத்தான் கைதட்டல்."

"பெடல் எனக்குப் புரியாதா?" என்று கேட்டுவிட்டு அவள் மெஷினில் போய் உட்கார்ந்தாள். நுனிக்காலால் லேசாகத் தொட்டாள். ஊசி ஒரே ஒரு தையல் போட்டு நின்றது. இன்னொரு முறை தொட்டாள். இன்னொரு தையல். பிறகு ஒரே மிதி. முழ நீளத் துணி ஓடி முடிந்து, சொல்லிவைத்ததுபோல் ஓரத்தில் வந்து நின்றது. அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பெடல் வந்த ஒரு வாரத்தில் மேல்வீட்டுக்காரர் பதினோரு தடவை இறங்கி வந்தார். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவர். சத்தத்தை அளந்து எண் சொல்லும் செயலி ஒன்றை போனில் வைத்திருக்கிறார். அதனால் எல்லோருக்கும் அவர் பெயர் டெசிபல். "தொண்ணூத்தி நாலு சார்" என்பார். காய்ச்சல் அளவைச் சொல்லும் டாக்டர் முகம்.

அந்த டெசிபலிடம்தான் நான் போய் நின்றேன். சங்கத்தின் ஆண்டு விழாவில் மேடையேற வேண்டும். கண் எதிரில் நூறு பேர் கைதட்டிவிட்டால் குளியலறைக்குள் இனி என்னை யாரும் தள்ள முடியாது, இதுதான் என் திட்டம். டெசிபல் யோசித்தார்.

"மூணு நிமிஷம் தரேன். எண்பதைத் தாண்டுச்சுன்னா பிளக்கைப் புடுங்கிடுவேன்."

அன்று மாலை மனைவியிடம் வீராவேசமாக ஒப்பந்தம் பேசினேன்.

"விழாவுல எனக்குக் கைதட்டல் கிடைச்சா உன் கட்டிங் டேபிள், மெஷின், அந்த முண்டம் எல்லாம் பால்கனிக்குப் போகணும். ஹால் எனக்கு."

"கிடைக்கலன்னா?"

"கிட்டார் பரணுக்குப் போகும். மறுபடி இறங்காது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த கிட்டார் இல்லாவிட்டால் எனக்கு மேல் வரியும் கீழ் வரியும்தான் மிச்சம். அவள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"எழுதிக் கொடுங்க."

எழுதினேன். அங்கேதான் என் பேனாவில் சனி உட்கார்ந்தது. சாதாரணமாக எழுதியிருக்கலாம். கலைஞன் அல்லவா, அலங்காரமாக எழுதினேன்: 'கைதட்டல் வாங்கிய காலுக்கே ஹால் சொந்தம்.' கீழே இருவரும் கையெழுத்துப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம்.

விழா அன்று காலை அவள் ஒரு பரிசோடு வந்தாள். ஊதா வெல்வெட்டில் தைத்த உறை, உள்ளே பெடல். ஓரத்தில் ஜரிகை வேறு.

"மேடைன்னா ஒரு லட்சணம் வேணாமா? வெறும் இரும்பு அசிங்கமா இருக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்கப் போகிறவள், எதிரிக்கு வெல்வெட் தைக்கிறாள். எப்பேர்ப்பட்ட மனசு!

"இப்ப பிரிக்காதீங்க, தையல் விட்டுடும். கிட்டார் ஒயர், பெடல் ஒயர் எல்லாத்தையும் ஒரே துணிக்குழாய்க்குள்ள விட்டுத் தச்சுட்டேன். யாரும் தடுக்கி விழ மாட்டாங்க. தம்பி பார்த்துக்குவான்."

தம்பி என்றால் அவளுடைய தம்பி. மைக் செட் வைத்திருக்கிறான். விழாவுக்கும் அவன்தான் மைக் செட். "அத்தான், நீங்க கவலையே படாதீங்க" என்றான். மச்சான் அப்படிச் சொன்னால் கவலைப்பட வேண்டும் என்பதுகூட எனக்கு அன்று தோன்றவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் மேடை, அதன் பக்கவாட்டில் ஒரு திரை. எனக்கு முன் குழந்தைகள் நடனம். அது முடிந்ததும் என் முறை. காலைத் தூக்கி வெல்வெட்மேல் வைத்தேன். வழக்கத்தைவிட மெத்தென்று இருந்தது. அழுத்தினால் தானாக எழும்பி வந்தது. வெல்வெட் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முன்வரிசையில் டெசிபல், கையில் போன். மனைவியைக் காணவில்லை. என் வெற்றியைப் பார்க்கத் தைரியமில்லை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டேன்.

சொந்த மெட்டுதான் வாசித்தேன். நுனிக்காலால் மெல்ல அழுத்தினேன். சத்தம் கூடத்துக்குள் யாரோ மெல்ல வருவதுபோல் வந்தது. குளியலறையில் ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. நான்காவது வரியில் விரல் வழுக்கி மூன்று சுரம் தப்பாக விழுந்தது. என்ன ஆச்சரியம், அந்த மூன்றும் வெளியே கேட்கவே இல்லை! சரியாக அந்த இடத்தில் சத்தம் இறங்கி, தப்பு முடிந்ததும் ஏறியது. என் கால் எனக்கே தெரியாமல் என்னைக் காப்பாற்றுகிறது என்று புல்லரித்துப் போனேன்.

இரண்டாம் நிமிஷத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வலி தாங்காமல் காலைப் பெடலிலிருந்து எடுத்து உதறினேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது. நீங்களாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பீர்கள். நான் கலைஞன். கலை உச்சிக்குப் போய்விட்டால் கால்கூடத் தேவையில்லை என்று புரிந்துகொண்டேன்.

கடைசியில் மெட்டே மறந்துவிட்டது. கண் இருட்டியது. எல்லாத் தந்திகளையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்து, ஓரத்துப் பட்டனை மிதித்தேன். 'டிக்' என்றது. ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கிழிசல்! நான் வாசித்தது மெட்டா, மறதியா என்று யாருக்கும் தெரியாதபடி மேடையே அதிர்ந்தது. அதே வேகத்தில் சரசரவென்று இறங்கி, பூ விழுகிற மாதிரி அடங்கியது.

நூறு பேரும் எழுந்து கைதட்டினார்கள். டெசிபல் ஓடி வந்து போனைக் காட்டினார். அப்படியே என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"எழுபத்தொன்பது சார்! எண்பதைத் தொடவே இல்ல! அந்தக் கால் இருக்கே, அது கால் இல்ல சார், தராசு!"

எனக்கும் அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. மைக்கைப் பிடித்தேன்.

"இந்தக் கைதட்டல் எனக்கு இல்லை. என் கைக்கும் இல்லை. பெடலை மிதித்த அந்தக் காலுக்கே எல்லாப் பெருமையும்!"

மறுபடி கைதட்டல். இதை நானே என் வாயால், மைக்கில், நூறு சாட்சிகள் முன்னால் சொன்னேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

"சரி, டேபிளை ஒரு பக்கம் பிடி. பால்கனிக்குப் போகலாம்."

"தாராளமா. ஒரே ஒரு கோட்டுக்கு ஓரம் மட்டும் அடிச்சுடறேன். என் மெஷின் பெடலைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க."

மெஷினடியில் குனிந்து பார்த்தேன். "இங்க இல்லையே. எங்க வச்ச?"

"உங்க வெல்வெட் உறைக்குள்ள இருக்கும் பாருங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உறையின் தையலைப் பிரித்தேன். உள்ளே ஒன்பது வருஷமாக நான் தினமும் பார்க்கிற தையல் மெஷின் பெடல். ஓரத்தில் நான் மிதித்த பட்டன், கோட்டில் தைக்கிற பெரிய பிரஸ் பட்டன். ஊர்க் கண்ணுக்கெல்லாம் நம்பர் சொல்பவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அப்ப என் பெடல்?"

"திரைக்குப் பின்னால என் காலுக்கு அடியில இருந்தது. துணிக்குழாய் அங்கதான் வந்து முடியுது. தம்பி மாட்டிக் கொடுத்தான்."

"நாலாவது வரியில சத்தம் இறங்குச்சே?"

"அந்த இடத்துல நீங்க தினமும் தப்பு பண்ணுவீங்க. குளியலறைக் கதவு வழியா ரெண்டு மாசமா கேட்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"நான் காலை உதறினேனே?"

"பார்த்தேன். அந்த நேரம் கொஞ்சம் நல்லா வாசிச்சீங்க. அதான் ஏத்திவிட்டேன்."

"கடைசியில வந்த டிஸ்டார்ஷன்?"

"உங்க முகம் வெளுத்துப் போச்சு. மறந்துட்டீங்கன்னு தெரிஞ்சுது. கிழிஞ்ச இடம் தெரியாம இருக்கணும்னா முழுசா கிழிச்சிடணும், அது தையல்ல பழக்கம்."

எனக்குக் கோபம்தான் வர வேண்டும். வரவில்லை. பிளக்கைப் பிடுங்க வந்தவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதது ஞாபகம் வந்தது.

"எதுக்குடி இப்படிப் பண்ணின? நான் தோத்திருந்தா ஹால் உனக்குத்தானே?"

"நூறு பேர் முன்னால நீங்க அசிங்கப்படறதைப் பார்க்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?" என்றாள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. சட்டென்று சரியாகிவிட்டது. "அதோட, ஹால் இப்பவும் எனக்குத்தான்."

ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினாள். என் கையெழுத்தில், என் அலங்காரத்தில், அது அங்கேயே ஒட்டியிருந்தது. கைதட்டல் வாங்கிய காலுக்கே ஹால் சொந்தம். அவள் வலது காலை லேசாக நீட்டிக் கட்டைவிரலை ஆட்டினாள்.

கிட்டாரைப் பரணில் போடவில்லை. கைதட்டல் கிடைத்துவிட்டதால் அந்தப் பிரிவு செல்லாது என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். குளியலறையிலிருந்து எனக்கு பால்கனிக்குப் பதவி உயர்வு. ஒயர் மட்டும் துணிக்குழாய் வழியாக ஹாலுக்குப் போகிறது. வலது காலில் அவளுடைய மெஷின், இடது காலில் என் கிட்டார். கோட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டே என்னையும் பார்த்துக்கொள்கிறாள்.

நேற்று ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து வாசித்தேன். டெசிபல் இறங்கி வந்து, "சத்தமே இல்ல, பிரமாதம்!" என்று அவளைப் பாராட்டிவிட்டுப் போனார்.