முதல் முங்குக்கு மட்டும்

இனிமேல் என் இடுப்பில் கயிறு கிடையாது என்று அன்று காலை சத்தியம் செய்தேன். எங்கள் அல்கேரோ ஊர்க் கடலில் பவளம் வெட்டுகிறவன் ஒவ்வொருவனும் தன் இஷ்டத்துக்கு முங்குகிறான். என்னை மட்டும் படகிலிருந்து பெண்டாட்டி நேரம் பார்த்துக் கயிற்றைச் சுண்டி இழுக்கிறாள், கிணற்று வாளி மாதிரி! வந்த ஆத்திரத்தில் முந்தின நாளே ஸ்கூட்டரை விற்றேன். முங்குகிறவர்களுக்கென்றே செய்த கைக்கடிகாரம் ஒன்று வாங்கிவிட்டேன்.

சாதாரணக் கடிகாரமா அது? முகத்தைச் சுற்றித் திருப்புகிற மாதிரி ஒரு வளையம். அதில் ஆழங்கள் பொறித்திருக்கும். இறங்கும்போது வளையத்தின் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேராக வைக்க வேண்டும். முள் நகர்ந்து நம் ஆழத்தைத் தொடுவதற்குள் கிளம்பினால் நேரே மேலே வரலாம். முப்பது மீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம். தாண்டினால் வரும் வழியில் தண்ணீருக்குள்ளேயே தொங்கிக்கொண்டு காத்திருந்து வரவேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் காற்று குமிழியிட்டு ஆளை முடக்கிவிடும்.

காலையில் கயிறில்லாமல் ராஜா மாதிரி இறங்கினேன். முப்பது மீட்டரில், பாறை இடுக்கில், என் மணிக்கட்டுக் கனத்துக்கு ஒரு பவளக் கிளை! அது கண்ணில் பட்டபோதே நேரம் முடிந்துவிட்டது. மேலே வந்தால், எனக்குப் போட்டியாகப் பவளம் வெட்டுகிற பியரீனோ பாவி பக்கத்திலேயே படகை நிறுத்திக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். இன்று எடுக்காவிட்டால் நாளை அது அவன் வீட்டில்.

மத்தியானம் படகில் ரொட்டியைப் பாதியிலேயே வைத்தேன். மறுபடி முங்கு உடுப்பை எடுத்தேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் என் மனைவி பொனாரியா.

"கீழே."

"காலையிலதான முங்கினீங்க?"

"அதுக்கென்னடி? வளையம் இருபத்தஞ்சு நிமிஷம் குடுக்குது."

"அந்தக் கணக்கு அன்னன்னிக்கு முதல் முங்குக்கு மட்டுந்தான். காலையில உடம்புல ஏறின காத்து இன்னும் முழுசா வெளிய போகல. அது உங்க வளையத்துக்குத் தெரியுமா?"

"எனக்கே பாடம் நடத்துறியா? உன் பேச்சைக் கேட்டுத்தான் நான் உருப்படாமப் போனேன்! இனிமே கடிகாரம் சொல்றதுதான் சட்டம்!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

"இன்னிக்கு இன்னும் தண்ணியில இறங்காத ஆளுக்குத்தான் அது சரியாச் சொல்லும். இந்தப் படகுல அப்படி யாரு இருக்கா?"

யாரென்று படகைச் சுற்றிப் பார்த்தேன். நானும் அவளுந்தான். அதற்குள் என் மணிக்கட்டிலிருந்து கடிகாரம் கழன்று அவள் கையில் ஏறிவிட்டது. அவள் அப்பனும் பவளம் வெட்டினவன்தான். என்னைவிட நன்றாக முங்குவாள், படுபாவி. உடுப்பை மாட்டினாள், காற்று உருளையை முதுகில் ஏற்றினாள், கயிற்றைத் தன் இடுப்பில் கட்டி மறுமுனையை என் கையில் திணித்தாள்.

"ரெண்டு தடவை சுண்டினா இழுங்க. தூங்கிடாதீங்க."

தொப்பென்று குதித்துவிட்டாள். கோபத்தில் என் காதெல்லாம் எரிந்தது. கயிற்றையும் விட முடியவில்லை.

பியரீனோ கையை வாயில் குவித்துக் கத்தினான்: "எஃபிசியோ! நீ மேல உக்காந்திருக்க. கீழ போயிருக்கிறது யாருய்யா?"

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "என் கடிகாரம்."